சுகிர்தா நிற்கிறாள்

மே 6, ஞாயிறு

வெந்தயக்குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது சுகிர்தா வந்தாள். வருவதற்கு முன் ஒரு போன்கூட இல்லை. கையில் ஒரு பெட்டி ரோல்ஸ். கனடாவுக்கு வந்து இந்த ஸ்காபரோவில் இருபது வருடமாக அடுத்தடுத்த தெருவில் இருக்கிறோம், வெறுங்கையோடு அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. கடையில் வாங்கிய ரோல்ஸ்தான்.

"தவம், நான் நிக்கப்போறன்" என்றாள்.

"எங்க?"

"ட்ரஸ்டிக்கு. ஒக்ரோபர் தேர்தலில."

நகரசபைத் தேர்தலோடு கல்விச்சபைக்கும் ஆட்களைத் தெரிவு செய்வார்கள். எங்கள் வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர், அவர்தான் ட்ரஸ்டி. நீண்ட காலமாக இருந்த வெள்ளைக்காரர் இந்த முறை விலகுகிறாராம். இடம் காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, இவள் கிளம்பிவிட்டாள்.

நல்லது என்றேன். உண்மையாகவே நல்லதுதான். ஊரில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. தமிழில் எப்போதும் நான்தான் முதலாம் பிள்ளை. சுகிர்தா என் கட்டுரையைப் பார்த்து எழுதியும் பத்துக்கு ஆறுதான் வாங்குவாள். ஆனால் கதைக்க வல்லவள். கடைக்காரன், பஸ் சாரதி, அதிபர் என்று எல்லாரோடும் கதைப்பாள்.

"நீ என்னோட நிக்கவேணும்" என்றாள்.

"எனக்கு எங்கையடி நேரம்? விடியமுன்னம் பேக்கரிக்குப் போறனான். பின்னேரம் வந்தா இடுப்பு நிமிராது."

அப்போது பார்த்து நிரூஜா படியிறங்கி வந்தாள். பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முடித்து விடுமுறையில் நிற்கிறாள். என் மகள் என்னோடு அரை மணித்தியாலம் சேர்ந்தாற்போல் இருந்து பல மாதம்.

"அன்ரி, நான் செய்யிறன்" என்றாள்.

யாரும் அவளைக் கேட்கவில்லை.

ஜூன் 17, ஞாயிறு

நிரூஜா குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தமிழ் கதைக்கிறாள். "வணக்கம், நான் நிரூஜா. உங்கட பிள்ளையள் எந்தப் பள்ளிக்கூடம் போயினம்?"

பத்து வருடம் சனிக்கிழமைகளில் அவளைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். காருக்குள் இருந்து இறங்கமாட்டேன் என்று அழுவாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். இப்போது சுகிர்தாவுக்காகக் கதவு கதவாகத் தட்டித் தமிழ் கதைக்கிறாள்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஜூலை 8, ஞாயிறு

காருக்கு எண்ணெய் மாற்றியாயிற்று. பயற்றங்காய் மலிவு. நிரூஜா இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை, சுகிர்தா வீட்டில் புட்டும் கணவாய்க் கறியுமாம். நானும் கணவாய்தான் வாங்கியிருந்தேன்.

ஓகஸ்ட் 11, சனி

கோயில் தேருக்கு நிரூஜா சேலை கட்டினாள். நான் எடுத்து வைத்த மாம்பழ நிறச் சேலை கட்டிலில் கிடக்கிறது. கட்டியது சுகிர்தாவின் நீலச் சேலை. "அன்ரி தந்தவ, இது பாரமில்லை" என்றாள்.

என் கணவர் குலம் சொன்னார், "பிள்ளைக்கு வடிவாத்தானே இருக்கு."

வடிவில்லை என்று யார் சொன்னது? நீலம் அவளைக் கொஞ்சம் கறுப்பாகக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

செப்ரெம்பர் 5, புதன்

நான் சமைத்துக்கொண்டிருந்தபோது நிரூஜா ஒரு தாளைக் கொண்டு குசினிக்குள் வந்தாள். சுகிர்தாவின் துண்டுப்பிரசுரம். தமிழ்ப் பக்கத்தை அவளே எழுதியிருக்கிறாள்.

"அம்மா, பிழை இருக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. அம்மா பார்த்தாப் போதும் எண்டு அன்ரி சொன்னவ."

பார்த்தேன். மேலே சுகிர்தாவின் படம், முத்துத் தோடு. கீழே அவள் செய்த சேவைகள். மூன்றாவது பத்தியில் "எமது பாடசாலையில் காலை உணவுத் திட்டத்தை ஆரம்பித்தவர் திருமதி சுகிர்தா" என்று இருந்தது.

காலை உணவுத் திட்டத்தை ஆரம்பித்தவர்!

நிரூஜா அப்போது முதலாம் வகுப்பு. நான் பெற்றோர் சபைத் தலைவி. பிள்ளைகள் சிலர் வெறும் வயிற்றோடு வகுப்பில் சோர்ந்து கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதிபரின் கதவைத் தட்டியது நான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கெஞ்சியது நான். பேக்கரி முதலாளியிடம் முதல் நாள் மிஞ்சிய பாணை வாங்கி, ஜிம்முக்குள் மேசை போட்டு, வாழைப்பழமும் பாலும் வைத்தது நான். இது எதுவும் நிரூஜாவுக்கு ஞாபகமில்லை. அவளுக்கு ஞாபகம், பால் ஊற்றித் தந்த சுகிர்தா அன்ரி.

"எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா இருக்கு."

"பிழை ஒண்டும் இல்லையோ?"

"கண்ணாடி மேல கிடக்கு. எனக்குத் தெரிஞ்சமட்டில சரி."

கன்னத்தில் ஒரு கொஞ்சல் தந்துவிட்டு ஓடினாள். கடைசி வரியில் முற்றுப்புள்ளி விழவில்லை, அதையாவது சொல்லியிருக்கலாம்.

செப்ரெம்பர் 13, வியாழன்

பேக்கரியில் பாண் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லாரும் சிரித்தார்கள். என்னோடு வேலை செய்யும் பரிமளா தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சுகிர்தாவின் துண்டுப்பிரசுரம். மூவாயிரம் பிரதி, வட்டாரத்துத் தமிழ் வீடுகள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது.

"பல்லிப் பிள்ளைகள் எவரும் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வரக்கூடாது" என்று இருந்தது.

பள்ளிப் பிள்ளைகள் பல்லிப் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். ஓர் இடத்தில் இல்லை, பக்கம் முழுக்கப் பல்லி.

"பல்லிக்கு என்ன காலைச்சாப்பாடு, ஈயோ?" என்றாள் பரிமளா. நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது நிரூஜா கட்டிலில் குப்புறக் கிடந்தாள். கண் வீங்கியிருந்தது. அவளை அப்படி நான் நெடுநாள் பார்த்ததில்லை. தலையைத் தடவப் போனேன்.

"நீங்கள் பார்த்தனீங்கள்தானே அம்மா?"

"கண்ணாடி மேல கிடந்தது எண்டு அண்டைக்கே சொன்னனான்."

எழும்பி இருந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"உங்கட கண்ணாடி கார் ஓடுறதுக்கு அம்மா. வாசிக்கிறதுக்கு இல்லை."

அடுப்பில் சோறு பொங்குகிற சத்தம் கேட்டது. கீழே இறங்கி வந்துவிட்டேன்.

செப்ரெம்பர் 16, ஞாயிறு

தமிழ் வானொலியில் வேட்பாளர்களின் விவாதம். இந்த இடத்துக்கு நிற்கும் மற்றத் தமிழர் கணக்காளர் பேரின்பநாதன். எடுத்த எடுப்பிலேயே, "பள்ளிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரியாதவை எங்கட பிள்ளையளின்ர கல்வியைப் பற்றிக் கதைக்க வந்திட்டினம்" என்றார்.

நான் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது.

சுகிர்தா சிரித்தாள். "ஐயா, பல்லி சொன்னா நடக்கும் எண்டு எங்கட சனம் நம்புறது. எனக்கு மூவாயிரம் பல்லி சொல்லியிருக்கு. பிறகென்ன?"

அறிவிப்பாளரும் சேர்ந்து சிரித்தார். அவள் குரலை இறக்கிச் சொன்னாள், "பகிடியை விடுவம். பிழை என்ர. நான் வாசிக்காமல் அச்சுக்குக் குடுத்தனான். எழுதினது இஞ்ச பிறந்து, தானாத் தமிழ் எழுத வெளிக்கிட்ட பிள்ளை. அப்பிடி ஒரு பிள்ளை எழுத்துப்பிழை விட்டா நான் கோவிக்கமாட்டன். உங்கட வீட்டுப் பிள்ளையள் எழுதுதுகளோ எண்டு பாருங்கோ."

அதற்குப் பிறகு பேரின்பநாதனின் குரல் ஏறவேயில்லை.

"கெட்டிக்காரி" என்றார் குலம்.

இடியப்பம் காய்ந்துபோயிற்று.

செப்ரெம்பர் 20, வியாழன்

நிரூஜா என்னோடு கதைப்பதில்லை. "ஓம்", "இல்லை", "சாப்பிட்டனான்". பேக்கரியில் எல்லாரும் சுகிர்தாவின் வானொலிப் பேச்சைத்தான் கதைக்கிறார்கள். பரிமளா அவளுக்கே வாக்களிக்கப்போகிறாளாம்.

செப்ரெம்பர் 23, ஞாயிறு

சுகிர்தா வந்தாள். குலம் வேலைக்குப் போயிருந்தார், நிரூஜாவும் இல்லை. அதைத் தெரிந்துதான் வந்திருக்கவேண்டும். தேத்தண்ணி வேண்டாம் என்றாள்.

"பிள்ளை உன்னட்டைக் காட்டினவள்தானே?"

"காட்டினவள்."

"ஊரில ஆசிரியை கரும்பலகையில விட்ட பிழையை எழும்பிச் சொன்ன ஆள் நீ. உனக்குப் பல்லி தெரியேல்லை?"

நான் தட்டுகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பிறகு என் வாய் தானாகத் திறந்தது.

"காலைச்சாப்பாட்டை ஆரடி தொடங்கினது?"

"அதுவோ?" என்றாள். "அதுதானோ?"

"ஆர் தொடங்கினது எண்டு கேக்கிறன்."

"நீ. நீதான் தொடங்கினனி. ஒரு மாரிகாலம் செய்தனி. பிறகு குலம் அண்ணை விழுந்து முள்ளந்தண்டு நொந்து படுக்க, நீ இரண்டாவது வேலைக்குப் போனனி. அண்டைக்கு எனக்குப் போன் எடுத்து என்ன சொன்னனி? 'சுகிர்தா, பிள்ளையள் பாத்துக்கொண்டு நிக்குங்கள், நீ போ' எண்டு சொன்னனி. நான் போனனான். ஏழு வருசம் போனனான், தவம். பனிக்குள்ளையும் போனனான். என்ர மாமி செத்த கிழமையும் போனனான்."

எனக்குத் தெரியாத விஷயம் எதையும் அவள் சொல்லவில்லை.

"நான் பிள்ளைக்குச் சொன்னது 'நடத்தினது' எண்டு. அவள் 'ஆரம்பித்தவர்' எண்டு எழுதிப்போட்டாள். அவளுக்கு இரண்டும் ஒண்டு."

"நீ வாசிச்சிருக்கலாமே?"

"நீ பார்த்துச் சரி எண்டு சொன்னதா பிள்ளை சொன்னவள். நீ பார்த்த தமிழை நான் ஏனடி வாசிக்கவேணும்?"

எழும்பினாள். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, திரும்பாமல் சொன்னாள்: "நிரூஜாவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். ஆனா அவள் மொக்குப் பிள்ளை இல்லை."

செப்ரெம்பர் 25, செவ்வாய்

திருத்திய துண்டுப்பிரசுரத்தின் தாளை நிரூஜா மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். பார் என்று சொல்லவில்லை. நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்தேன். பல்லிகளை எல்லாம் அவளே பள்ளி ஆக்கியிருந்தாள். இரண்டு சந்திப் பிழை. முற்றுப்புள்ளி போட்டேன். "ஆரம்பித்தவர்" என்பதை வெட்டி "ஏழு ஆண்டுகள் நடத்தியவர்" என்று எழுதினேன்.

"அப்ப ஆர் ஆரம்பிச்சது?" என்று கேட்டாள்.

"நான்."

"நீங்களோ?"

கதிரையை இழுத்து முன்னால் இருந்தாள். "ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீ ஒருநாளும் கேக்கேல்லை."

"நான் எப்பிடி அம்மா கேக்கிறது? எனக்குத் தெரிஞ்சாத்தானே கேப்பன்?"

நான் பேனாவை மூடினேன். அவள் தாளை எடுத்துக்கொண்டு போனாள். சிறிது நேரத்தில் வந்து, "சாப்பிட என்ன இருக்கு?" என்றாள்.

செப்ரெம்பர் 29, சனி

சுகிர்தாவின் தேர்தல் பலகை எங்கள் முற்றத்தில். நானே குத்தினேன். கொஞ்சம் சரிந்து நிற்கிறது. நேராக்கலாம், நேரம் கிடைக்கவில்லை.

ஒக்ரோபர் 22, திங்கள்

வேலை முடிந்து வரும் வழியில் வாக்களித்தேன். யாருக்குப் போட்டேன் என்று குலம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒக்ரோபர் 23, செவ்வாய்

வென்றுவிட்டாள். முந்நூற்றுச் சொச்சம் வாக்கு வித்தியாசம். "பல்லி சொன்னது பலிச்சிட்டுது" என்று பேக்கரியில் கேக் வெட்டினார்கள். அந்தப் பல்லி இல்லாவிட்டால் அவளை யாருக்குத் தெரிந்திருக்கும் என்று பரிமளா கேட்கிறாள். நான் கேக் சாப்பிடவில்லை, அதில் சீனி அதிகம்.

டிசெம்பர் 3, திங்கள்

பதவியேற்பு. பெரிய மண்டபம். அரக்குச் சேலையில் சுகிர்தா. உறுதிமொழி எடுத்துவிட்டு நன்றி சொன்னாள். புருஷன், பிள்ளைகள், நிரூஜா, தொண்டர்கள், அச்சகக்காரர். அச்சகக்காரருக்குப் பிறகு என் பெயர். "என்ர பள்ளிச் சிநேகிதி, காலை உணவுத் திட்டத்தை ஆரம்பித்த தவமலர்" என்றாள். ஆட்கள் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். எழும்பி நிற்பதா இருப்பதா என்று தெரியாமல் அரைகுறையாக எழும்பி இருந்தேன்.

இவ்வளவு காலமும் எதிர்பார்த்தது இதைத்தானே என்று வரும்போது குலம் கேட்டார். பின் இருக்கையில் நிரூஜா சுகிர்தாவின் படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெப்ரவரி 12, செவ்வாய்

கடும் பனி. பள்ளிக்கூட பஸ்கள் ஓடவில்லை. தொலைக்காட்சியில் சுகிர்தா விளக்கம் கொடுத்தாள். நல்ல கோட். எங்கே வாங்கினாளோ?

நவெம்பர் 20, புதன்

எங்கள் பள்ளிக்கூடத்தை மூடிப் பிள்ளைகளை வேறு இடத்துக்கு அனுப்பும் திட்டம் சபையில் வந்தது. சுகிர்தா மூன்று மாதம் அலைந்து, மற்ற உறுப்பினர்களைத் தன் பக்கம் திருப்பி, நேற்று அதைத் தோற்கடித்துவிட்டாள். வட்டாரமே அவளைத் தலையில் தூக்கி வைத்திருக்கிறது.

நல்ல காரியம். நான் ஒன்றும் சொல்லவில்லையே. ஆனால் கடைக்குப் போனால் ஆட்கள் என்னிடம் என்ன கேட்கிறார்கள்? "நீங்கள் ட்ரஸ்டியின்ர சிநேகிதியெல்லோ? பெடியனுக்குப் பள்ளிக்கூடத்தில ஒரு இடம் வேணும், ஒருக்காச் சொல்லிவிடுங்கோ." எனக்குப் பெயர் இல்லை. நான் சுகிர்தா வீட்டுக்குப் போகும் பாதை.

மே 14, வியாழன்

கொரோனா. பள்ளிகள் பூட்டு. சுகிர்தாவும் நிரூஜாவும் முகக்கவசத்தோடு வீடு வீடாகப் பிள்ளைகளுக்குக் கணினி கொடுக்கிறார்கள். நிரூஜாவுக்குப் பயமில்லை, எனக்குத்தான் பயம். "கவனமாப் பார்த்துக்கொள்" என்று சுகிர்தாவுக்குச் செய்தி போட்டேன். "என்ர பிள்ளையைப் போலப் பார்ப்பன்" என்று பதில். அந்தப் பதிலைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். போல என்ற சொல் அதில் இருந்தது நல்லது.

ஜூன் 5, ஞாயிறு

அவள் முதல்முறை வென்று நான்கு வருடம் ஆகப்போகிறது.

நேற்று போன் எடுத்து, "முக்கியமான விசயம், நாளைக்கு வீட்டில நில்லு" என்றாள். அவள் இந்த முறை நகரசபைக்குப் போட்டியிடுகிறாள் என்று ஊரெல்லாம் தெரியும். அப்படியானால் கல்விச்சபை இடம் காலி. எதற்கு வருகிறாள் என்று யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை.

இரவு முழுக்க யோசித்தேன். முதலில் மறுக்கவேண்டும். எனக்கு எங்கையடி நேரம் என்று சொல்லவேண்டும். திரும்பக் கேட்பாள், திரும்ப மறுக்கவேண்டும். அதற்குப் பிறகும் கேட்டால் குலத்தோடு கதைத்துச் சொல்கிறேன் என்று சொல்லலாம். என் ஆங்கிலம் இப்போது பரவாயில்லை. விடிந்ததும் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டினேன். "எங்கை வெளிக்கிடுறீர்?" என்று குலம் கேட்டார். எங்கும் இல்லை என்றேன்.

வந்தாள். இந்த முறை அவளே சுட்ட ரோல்ஸ். நிரூஜாவும் மேலிருந்து இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

"தவம், என்ர இடத்துக்கு நிரூஜா நிக்கட்டும். உன்ர சம்மதம் கேக்க வந்தனான்."

நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன்.

"அவளுக்கு இருபத்திமூண்டு வயசு" என்றேன்.

"அதுதான் வேணும். இவளைத் தெரியாத வீடு இந்த வட்டாரத்தில இல்லை."

"என்னைத் தெரியாத வீடும் இல்லை."

சொல்லிவிட்டேன். குலம் பேப்பரைக் கீழே வைத்தார். சுகிர்தா என் சேலையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நாற்பது வருடமாக என்னைத் தெரிந்தவள்.

"நீ வெல்லமாட்டாய், தவம்" என்றாள், மெதுவாக. "உனக்குப் படிப்பு இருக்கு, மூளை இருக்கு. என்னைவிடக் கூட இருக்கு. ஆனா வாக்குக் கேக்கவேணும். கதவைத் தட்டி, 'எனக்குத் தாங்கோ' எண்டு வாய்திறந்து கேக்கவேணும். நீ உனக்கெண்டு ஆரிட்டையும் ஒண்டும் கேட்டதில்லை. தராட்டி கோவிப்பாய். கேக்கமாட்டாய்."

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

நிரூஜா வந்து என் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். "அம்மா, நீங்கள் நிக்க விரும்பினா நான் நிக்கேல்லை. உங்களுக்காக நான் கதவு தட்டுறன். உண்மையாத்தான் சொல்லுறன்."

உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

"விசர்க்கதை கதையாதை" என்றேன். "நீ நில்லு. நோட்டீசை மட்டும் அச்சுக்குக் குடுக்கமுன்னம் என்னட்டைக் காட்டு."

சுகிர்தா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நானும்.

ஜூன் 6, திங்கள்

சேலையை மடித்து வைத்தேன். நான் நின்றிருந்தால் வென்றிருப்பேனோ என்று இனி யோசிப்பதில்லை. காலையிலிருந்து மூன்று தடவைதான் யோசித்தேன்.

ஒக்ரோபர் 15, சனி

பேக்கரியில் லீவு போட்டுவிட்டு நிரூஜாவோடு போனேன். அவள் தெருவின் ஒரு பக்கம், நான் மறுபக்கம். முதல் கதவுக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். பிறகு மணியை அழுத்தினேன். அரை இருட்டுக்குள்ளிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார்.

"என்ர மகள் கல்விச்சபைக்கு நிக்கிறா" என்றேன். "உங்கட வாக்கை அவவுக்குத் தாங்கோ."

வந்துவிட்டது. மகளுக்கென்றால் வருகிறது. ஆறாவது கதவில் குரல் நடுங்கவில்லை. பத்தாவது கதவில் அவர்கள் கேட்காமலே பள்ளிக்கூடத்தின் உடைந்த வெப்பமூட்டியைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன்.

தெரு முடிகிற இடத்தில் ஒரு மனிசி கதவைத் திறந்து என்னை உள்ளே கூப்பிட்டு இருத்தினா. இரண்டு பேரப்பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்களாம். வகுப்புகளில் பிள்ளைகள் நெருக்கடி, மதிய இடைவேளை, தமிழ் வகுப்பு எல்லாவற்றையும் பற்றி அவ கேட்க, எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். வெளிக்கிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டா.

"மகளுக்குப் போடுறம், அது ஓம். ஆனா தங்கச்சி, நீங்கள் நிண்டிருந்தா உங்களுக்கெல்லோ போட்டிருப்பம்."

வெளியே வந்து அந்தப் படியிலேயே கொஞ்சநேரம் நின்றேன். மரங்களில் இலை சிவந்திருந்தது. தெருவின் மறுபக்கத்திலிருந்து நிரூஜா கையை அசைத்து, வாகனங்களைப் பார்த்துக் குறுக்கே ஓடிவந்தாள். மூச்சு வாங்க, கண் பளபளக்க நின்றாள்.

"அந்த வீட்டில கனநேரம் நிண்டீங்கள் அம்மா. என்ன சொன்னவ?"

"உனக்குத்தான் போடுவாவாம்" என்றேன்.